ஏணி சாய்த்ததற்கே கடந்தைக் குளவி கிளம்பி வந்தது ஏன்? மிளகு பறிப்பு இன்னும் பாதி இருக்கிறது

தாண்டிக்குடி மிளகு கேட்டது:

வணக்கம். தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு மூன்று ஏக்கர், காபியும் மிளகும், நிழலுக்கு சில்வர் ஓக். போன செவ்வாய்க்கிழமை மிளகு பறிக்க ஆள் வந்தார்கள். கிழக்கு மூலையில் ஒரு மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்தோம். ஏணி மரத்தில் டொக் என்று பட்டதுதான் தாமதம், கொடிக்குள்ளிருந்து நாலைந்து கடந்தை இறங்கிவிட்டன. கூடு இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. பிறகு தூரத்தில் நின்று பார்த்தால் இருபது அடி உயரத்தில், மிளகு இலைக்குள் மறைந்து, பெரிய சுரைக்காய் அளவுக்கு, சாம்பலும் பழுப்புமாக வரிவரியாக ஒன்று தொங்குகிறது.

ஏணியைப் பிடித்திருந்த அண்ணனுக்குக் கழுத்தில் ஒன்று கொட்டியது. அவர் அதைக் கையாலேயே அடித்து நசுக்கினார். கூட்டமாக வந்தது அதற்குப் பிறகுதான். அவருக்கு ஏழு இடம், எனக்கு மூன்று. கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டு நன்றாகத் தள்ளி இருந்த அக்காவுக்கு உச்சந்தலையில் இரண்டு. அந்த அக்கா மரத்தின் பக்கமே போகவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் கழித்து எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து, விட்டுவிட்டு வந்த சாக்கை எடுக்கப் போனேன், மரத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போதே மறுபடி ஒன்று நேராக என் சட்டையில் வந்து உட்கார்ந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை, அசைக்கவில்லை.

இப்போது பறிப்பு பாதியில் நிற்கிறது, ஆட்கள் அந்த மூலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அவர்கள் சொல்வது நியாயம்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தீப்பந்தம் கட்டி ராத்திரி கொளுத்திவிடலாம் என்கிறார். என் மாமா சும்மா விடு, அது பாட்டுக்கு இருக்கும் என்கிறார். தொடாமலே ஏன் இப்படி வருகின்றன, வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வழி உண்டா, இனி அந்த மரத்தை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி மேஸ்திரி எழுதியது:

தம்பி, முதலில் அந்த அண்ணனும் அக்காவும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. ஏழு இடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நான் கோத்தகிரி பக்கம் தேயிலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன், கடைசிப் பதினெட்டு வருஷம் மேஸ்திரி வேலை. எங்களுக்கு உங்களைப் போல மரத்து உயரம் கிடையாது, கூடு இடுப்பு உயரத்திலேயே இருக்கும், செடிக்குள்ளே. கொழுந்து எடுக்கிற கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று பார்த்திருப்பாய், கண் அடுத்த கொழுந்தில் இருக்கும், கை இந்தச் செடியில் இருக்கும். கிளைக்கு அடியில் கையகலத்துக்குச் சின்னக் குளவிக்கூடு ஒன்று திறந்தபடி தொங்கினால் யாருக்குத் தெரியும்? கவாத்து வெட்டும் நாளில் இன்னும் மோசம், ஒரு வெட்டுக்கு மொத்தச் செடியும் அதிரும். செடியைச் சமன் செய்கிற மிஷின் வந்த பிறகு அந்தச் சத்தத்தில் ஒருத்தர் கத்துவது இன்னொருத்தருக்குக் கேட்பதும் இல்லை.

முன்னால் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டாய். உண்டு, ஆனால் அதற்கு நின்று பார்க்க வேண்டும், வேலை நேரத்தில் நிற்பதற்குத்தான் யாரும் விடுவதில்லை. நான் மேஸ்திரி ஆன பிறகு ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒரு பத்தியில் ஆளை இறக்குவதற்கு முன்னால் வெயிலுக்கு எதிராக, அதாவது வெளிச்சம் செடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி, ஐந்து நிமிஷம் நிற்பேன். தேனுக்கு வருகிற பூச்சி அங்கும் இங்கும் அலையும், பூப்பூவாக உட்காரும். கூட்டுக்குப் போகிற குளவி அப்படி அலையாது. கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரே கோட்டில் வந்து ஒரே இடத்தில் மறையும், அதே இடத்திலிருந்து கிளம்பும். அந்தக் கோடு இரண்டு தடவை தெரிந்தால் போதும், அங்கே கூடு இருக்கிறது. உர மூட்டைச் சாக்கைக் கிழித்து வைத்திருப்போம், அந்தச் செடியிலிருந்து நாலு செடி தள்ளிச் சுற்றிலும் கட்டிவிடுவேன். அன்றைக்கு அந்த இடத்தில் கொழுந்து எடுக்கக் கூடாது. எடை குறைகிறது என்று மேலே பேச்சு வாங்கியதும் உண்டு, வாங்கினால் வாங்கினேன்.

இன்னொன்று. அதுகள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கொட்டாது. உன் மரத்திலும் எச்சரித்திருக்கலாம், கூட்டை இலை மறைத்ததால் நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு தடவை குனிந்து கூடையைச் சரிசெய்தபோது என் முகத்துக்கு எதிரே இரண்டடியில் ஒரு சின்னக்குளவிக் கூடு. பத்துப் பன்னிரண்டு குளவி இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது, மீசை முன்னால் நீண்டது, றெக்கை இரண்டும் மேலே விரிந்து நின்றது, முன்னங்கால் கூட்டை விட்டுத் தூக்கியபடி. ஒன்று பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் பறக்கவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை அசைக்காமல் காலை மட்டும் பின்னால் வைத்து வைத்து நகர்ந்தேன். ஆறடி போனதும் றெக்கை மடங்கியது. அன்றைக்கு ஒன்றுகூட என்னைத் தொடவில்லை.

கடந்தையும் இப்படித்தான். வாசலில் முதலில் தலை தெரியும், அப்புறம் ஒன்றிரண்டு கிளம்பி வந்து முகத்துக்கு முன்னால் தொங்குகிற மாதிரி நிற்கும், அல்லது தொப்பியில் வந்து இடித்துவிட்டுப் போகும். அதைக் கொட்ட வந்ததாக நினைத்துக் கையை வீசுகிறவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

பூச்சிநோட்டு எழுதியது:

மேஸ்திரி ஐயா எழுதியதை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்ததற்குக் காரணம் உண்டு.

நீங்கள் சொல்கிற வரிவரியான கூட்டையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால் அது வெஸ்பா அஃபினிஸ் என்கிற கடந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றின் முன்பாதி ஆரஞ்சு, பின்பாதி கரியா என்று அடுத்த முறை தூரத்திலிருந்து பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இதையே கதண்டு என்பார்கள், பேப்பரில் விஷ வண்டு என்று போடுவார்கள், ஆனால் இது வண்டே இல்லை, குளவிக் குடும்பத்தில் பெரியது. அந்த வரிகள் வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒவ்வொரு குளவியும் காய்ந்த மரத்தையோ பட்டையையோ சுரண்டி மென்று கூழாக்கிக் கொண்டுவந்து பூசுகிறது, ஒவ்வொன்றும் சுரண்டிய மரம் வேறு, அதனால் நிறமும் வேறு. அது மெல்லிய தாள்தான். தாளுக்குள் அவ்வளவு குஞ்சுகளை வைத்திருக்கிறவர்களுக்கு வேறு கோட்டைச் சுவர் இல்லை, கொடுக்கு ஒன்றுதான்.

தொடாமலே ஏன் வந்தன என்றால், அவற்றின் கணக்கில் நீங்கள் தொட்டுவிட்டீர்கள். கூடு மரத்தோடு ஒட்டியது, ஏணி பட்ட அதிர்வு நேராகக் கூட்டுக்குப் போகிறது. காற்றில் கிளை ஆடுவது மெதுவான அசைவு, அது தினமும் நடப்பது, அதற்குப் பழகியிருக்கும். கட்டையால் ஒரு இடி என்பது எதிரி மரம் ஏறுகிறான் என்ற செய்தி. நம் மலையில் குளவிக் குஞ்சைத் தின்கிற எதிரிகளை நினைத்துப் பாருங்கள், கரடி இருக்கிறது, மேலிருந்து வருவதற்குத் தேன்பருந்து இருக்கிறது. கரடியைப் பற்றி யோசித்தால் அந்த அக்காவுக்கு உச்சந்தலையில் கொட்டியதற்கும் பதில் கிடைக்கும். கறுப்பு, ரோமம், அசைவு, மூச்சுக்காற்று, இவைதான் அவற்றுக்கு எதிரியின் அடையாளம். குனிந்து நிமிர்ந்து மிளகு பொறுக்குகிற ஒரு கறுப்புத் தலை இந்த அடையாளத்துக்குள் சரியாக வருகிறது. வெளிர் நிறத் துண்டு கட்டியிருந்தால் தப்பியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் கட்டாமல் போக மாட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், அதாவது கழுத்தில் நசுக்கிய அந்த முதல் குளவி. கடந்தையின் விஷத்திலேயே ஆபத்தை அறிவிக்கிற வாசனைப் பொருளும் கலந்திருக்கிறது. கொட்டும்போது கொஞ்சம் தோலிலும் துணியிலும் தங்கும், நசுக்கினால் மொத்தப் பையும் உடைந்து காற்றில் பரவும். கூட்டில் இருக்கிற மற்றவற்றுக்கு அது இங்கே அடி என்று எழுதிய பலகை மாதிரி. அரை மணி நேரம் கழித்து உங்கள் சட்டையில் வந்து உட்கார்ந்தது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும், முதல் தடவை கொட்டிய அதே சட்டையோடுதானே போனீர்கள்? தேனீயிலும் இதே ஏற்பாடுதான், ஆனால் பொருள் வேறு. தேனீயின் எச்சரிக்கை வாசனையில் முக்கியமான பொருள் ஐசோபென்டைல் அசிடேட் என்று 1962-ல் கண்டுபிடித்தார்கள். பழுத்த வாழைப்பழத்தின் வாசனையும் அதுதான், மலைவாழை விளைகிற ஊரில் பெட்டித் தேனீ வளர்க்கிறவர்கள் பழம் தின்றுவிட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கொட்டியது ஏழு இடம் என்றால் ஏழு குளவி என்று அர்த்தம் இல்லை. தேனீயின் கொடுக்கில் முள் பெரிது, நம் தோலில் மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும், அந்தத் தேனீ செத்துப்போகும். குளவியின் கொடுக்கு அப்படி மாட்டாது, உருவி உருவி ஒன்றே நாலு தடவை கொட்டும். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது, அதனால் பெண் குளவிக்கு மட்டும்தான் உண்டு, ஆண் எவ்வளவு ரீங்காரம் போட்டாலும் கொட்ட முடியாது.

ஒரு சந்தேகம் யாருக்கும் வரக் கூடாது என்பதால் இதையும் சேர்க்கிறேன். வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டுகிற வேட்டுவாளியை இந்தப் பயத்தில் யாரும் இடித்துவிட வேண்டாம். வீட்டில் அது கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று நம் பாட்டிகள் விட்டுவைத்தார்கள், காரணம் எதுவானாலும் விட்டுவைத்தது சரிதான். அது தனியாள். சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி உள்ளே வைத்து மூடிவிட்டுப் போய்விடும், கூட்டுக்குக் காவல் நிற்காது. தாய் ஒருத்திதான், அவள் உங்களோடு சண்டை போட்டுச் செத்தால் அடுத்த கூடு கட்ட ஆளே இல்லை. அவளுடைய விஷமும் இரையைச் செயலிழக்க வைப்பதற்கானது. கூட்டமாக வாழ்கிற குளவியின் விஷம் வேறு வேலைக்கு, ஹிஸ்டமின், செரோட்டோனின், கைனின் என்கிற பொருள்கள் எல்லாம் சேர்ந்து பெரிய பிராணிக்கு மறக்காத வலியைக் கொடுப்பதற்கு.

அதே சமயம் கொட்டுவதுதான் எப்போதும் வழி என்றும் இல்லை. மேஸ்திரி ஐயா பார்த்த திறந்த கூட்டுக்காரர்களில் ரோபாலிடியா என்று ஒரு வகை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல வருஷமாக ஆராய்ந்தது இதைத்தான். பெரிய கடந்தை வகையான வெஸ்பா டிராபிகா வந்து குஞ்சுகளைத் தூக்கும்போது இவை பெரும்பாலும் எதிர்த்து நிற்பதில்லை, கூட்டை விட்டுப் பறந்துவிடுகின்றன. உயிரோடு இருந்தால் வேறு கூடு கட்டலாம். இந்தத் திறந்த கூட்டுக் குளவிகளில் பல எறும்புக்கு இன்னொரு உபாயம் வைத்திருக்கின்றன, கூடு தொங்குகிற காம்பைக் குச்சி மாதிரி மெலிதாகக் கட்டி, வயிற்றைத் தேய்த்து அதில் எறும்புக்குப் பிடிக்காத ஒரு சுரப்பைப் பூசிவிடுகின்றன. எந்த எதிரிக்கு எது என்று பிரித்து வைத்திருக்கின்றன. நமக்கு வாய்த்தது கொடுக்கு.

பண்ணைக்காடு எழுதியது:

கொளுத்த வேண்டாம். நாங்கள் நாலு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம் பந்தம் கட்டிக் கொளுத்தினோம். கூடு தாள் மாதிரித்தான் எரிந்தது, கூடவே மிளகுக் கொடியும் கருகி, கீழே காய்ந்த சருகில் தீப்பொறி விழுந்து விடிய விடிய மண் அள்ளிப் போட்டோம். காட்டை ஒட்டிய தோட்டம், கொஞ்சம் காற்று அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அதோடு முடியவும் இல்லை, ராத்திரி வெளியே தங்கிய குளவிகள் காலையில் வந்து கூடு இருந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன, பால் கொண்டுபோன பையனுக்கு அதில் கொட்டியது.

மலையடி நர்ஸ் எழுதியது:

நான் மலை அடிவாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள். பூச்சி பற்றி மேலே எழுதியவர்களுக்கு நன்றி, நான் கொட்டிய பிறகு நடப்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்து நேரத்தைக் கடத்திவிட்டு வருவார்கள். விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே தடவுகிற சுண்ணாம்பு அங்கே போகாது, தோல்தான் வெந்துபோகும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள், கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன்னால் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். கொடுக்கு உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அது தேனீ, நகத்தால் வழித்தோ பிடுங்கியோ உடனே எடுத்துவிடுங்கள், எப்படி எடுப்பது என்று யோசித்து நேரத்தைப் போக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று ஒவ்வாமை. இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும், பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் மாறுவது, மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், இதில் ஒன்று வந்தாலும் 108-க்குப் போடுங்கள். தலைசுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள், எழுந்து நடக்கவைத்து ஜீப்புக்குக் கூட்டிப் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். மூச்சு வாங்குகிறவர் உட்கார்ந்தால் சுலபமாக இருக்கிறது என்றால் உட்காரட்டும். இப்படி ஒவ்வாமை வந்தவருக்குத் தேவை தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கிற அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், தொண்டை அடைப்பதை அது நிறுத்தாது. மலை ரோட்டில் வண்டி இறங்கி வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இரண்டாவது, நிறைய இடத்தில் கொட்டியவர்கள். ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் விஷத்தின் அளவே தசையையும் ரத்தத்தையும் உடைத்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து மூத்திரம் கட்டன்காபி நிறத்தில் போகும், அல்லது அளவு குறையும். ஒரு அம்மா மூன்றாம் நாள் வந்தார், வலி போய்விட்டது, உடம்பு அசதிதான் என்றார், மூத்திரத்தின் நிறத்தைக் கேட்ட பிறகுதான் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டு இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. தாண்டிக்குடி தம்பி, ஏழு கொட்டு வாங்கிய அண்ணனிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

தாண்டிக்குடி மிளகு எழுதியது:

சிஸ்டர், கேட்டேன். நிறம் சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றார், ஆனாலும் நேற்று கூட்டிப்போய் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டோம், ஒன்றும் இல்லை. அக்காவுக்குத் தலை வீக்கம் வடிந்துவிட்டது. ஆமாம், அதே சட்டையோடுதான் போனேன், அதைத் துவைக்கக்கூட இல்லை, திண்ணையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஐயா சொன்ன மாதிரி இன்று காலை வெயிலுக்கு எதிராக நின்று பார்த்தேன். கோடு நன்றாகத் தெரிகிறது, ஓடைப் பக்கமிருந்து வந்து கொடியில் மறைகின்றன. மற்ற மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன், வேறு எங்கும் இல்லை. ஆனால் அந்த மரத்துக்குக் கீழேதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை. தோட்டத்துக்கு நடுவில் இருந்திருந்தால் மாமா சொன்ன மாதிரி விட்டிருப்பேன், நாலு மரத்து மிளகு போனால் போகட்டும், காபிச் செடியில் இருக்கிற புழுவைப் பிடித்துக்கொண்டு போகிறதும் இதுகள்தானே. பாதைக்கு மேலே விட மனசு வரவில்லை. 101-க்குப் பேசினோம், வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு தீயணைப்புத் துறையிலிருந்து வருகிறார்கள், கொளுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவரை பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டோம். அவர்கள் வரும்போது வழி காட்ட நான் நிற்க வேண்டியிருக்கும். டார்ச் அடிக்கலாமா?

பூச்சிநோட்டு எழுதியது:

வெள்ளை வெளிச்சம் வேண்டாம், கலைந்தால் வெளிச்சத்தை நோக்கித்தான் வரும், டார்ச் பிடித்த கை முதலில் மாட்டும். சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு கட்டி அடியுங்கள், குளவிக்குச் சிவப்பு கிட்டத்தட்ட தெரியாது. வழியைக் காட்டிவிட்டு நீங்கள் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்று துரத்தினால் நின்று கையை வீசாமல், தலையை மூடிக்கொண்டு ஒரே திசையில் ஓடுங்கள்.

கோத்தகிரி மேஸ்திரி எழுதியது:

சனிக்கிழமை காலையிலேயே ஆளை ஏற்றிவிடாதே தம்பி. பண்ணைக்காட்டுக்காரர் சொன்னது சரி, வெளியே தங்கியது வந்து தேடும். மூன்று நாலு நாள் விட்டு, மறுபடி வெயிலுக்கு எதிராக நின்று பார், கோடு இல்லை என்றால் ஏணியை வை. வைக்கும்போது சாய்த்துப் போடாமல் இரண்டு பேர் பிடித்து மெதுவாக வையுங்கள். அப்புறம் அந்த ஏணியையும் சாக்கையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடு, சட்டையை மட்டும் துவைத்தால் போதாது.